மீக்காவைப் பாதி வாசிப்போர்

திருவழிபாட்டு ஆண்டில் இறைவாக்கினர் மீக்காவை நாம் பெரும்பாலும் பண்டிகை உடையிலேயே சந்திக்கிறோம். செப்டம்பர் 8 ஆம் நாள், வேளாங்கண்ணிப் பெருவிழா நிறைவுறும் அன்னை மரியாவின் பிறப்பு விழாவுக்கு, முதல் வாசகமாகக் குறிக்கப்பட்டிருப்பது அவருடைய பெத்லகேம் வாக்கு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, அதே வாக்கு மீண்டும் ஒலிக்கிறது. யூதாவின் ஊர்களுள் மிகச் சிறிய பெத்லகேமிலிருந்து இஸ்ரயேலை ஆள்பவர் தோன்றுவார். ஆண்டவரின் வலிமையோடு தம் மந்தையை மேய்ப்பார். அவரே அமைதியாய் இருப்பார். வாசகம் அங்கே நிற்கிறது. இறைவா உமக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் பதிலுரைப் பாடலுக்குச் செல்கிறோம். பீடத்தருகே குடில் கட்டும் வேலை வேறு காத்திருக்கிறது.

இந்த வாக்கிற்கு முந்தைய வரியை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? திருவிவிலியத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். அங்கே நகரம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. இஸ்ரயேலின் தலைவன் கோலால் கன்னத்தில் அடிபடுகிறான். அந்த அடியின் ஓசை அடங்குமுன்தான் பெத்லகேம் என்னும் பெயர் உச்சரிக்கப்படுகிறது. அரண்மனையும் அதன் வீரமும் மானமிழந்து நிற்கும் வேளையில், ஆடு மேய்க்கும் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆண்டவர் மீண்டும் தொடங்குகிறார் என்பதே வாக்கின் பொருள். முந்தைய வரியை நீக்கிவிட்டால் எஞ்சுவது வாழ்த்து மடலில் அச்சிடத்தக்க ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே.

வாசக நூலைத் தொகுத்தவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஏழு அதிகாரங்களையும் ஒரு ஞாயிறில் வாசிக்க யாராலும் இயலாது. நிலம் பறிப்போரைச் சாடும் பகுதியும் வாசக நூலில் இருக்கிறது; இரட்டைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 15 ஆம் வாரச் சனிக்கிழமைக் காலையில், கோயிலில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருக்கும்போது, அது வாசிக்கப்படுகிறது. நம் வழக்கு வேறு. ஞாயிறு வாசகத்தில் கேட்டது மட்டுமே மீக்கா என்று அமைதி கொள்வோரோடும், ஆறுதலை மட்டும் கிள்ளி எடுத்து மறையுரை செய்வோரோடும், அதற்கு மாறாகத் தண்டனையை மட்டும் எடுத்துப் பிறர்மேல் எறிவோரோடும் நமக்கு வழக்கு உண்டு. இவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைத்தான் வேறு வேறு வழிகளில் செய்கிறார்கள். மீக்காவிடம் தீர்ப்பு ஒரு வாக்கு, நம்பிக்கை இன்னொரு வாக்கு என்று இரண்டு இல்லை. எச்சரிக்கையைக் கேட்டு நடுங்கியவனுக்கு மட்டுமே அந்த நம்பிக்கை உரியது.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டுச் செல்வோம். நம் முன்னோர் தீர்க்கதரிசி என்றனர். 1995 இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு இறைவாக்கினர் என்றது. இந்தச் சொல்மாற்றத்தை வெறும் தனித்தமிழ் ஆர்வம் என்று முணுமுணுத்தவர்கள் அன்று இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தொலைவில் நடக்கப்போவதை முன்னறிந்து சொல்பவர் என்பதே தீர்க்கதரிசி என்ற சொல் மக்கள் மனத்தில் எழுப்பும் உருவம். கிளி சோதிடருக்கு ஓரடி உயரத்தில் அவரை நிறுத்திவிடுகிறோம். இறைவாக்கினர் என்பவரோ ஆண்டவருடைய வாக்கை அவருடைய மக்கள் முகத்துக்கு நேரே, அன்றைய நாளில், அன்றைய செயலைக் குறித்து எடுத்துரைப்பவர். எதிர்காலத்தைப் பற்றி அவர் பேசுவது, நிகழ்காலம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே. இதை மறந்தால் மீக்காவின் நூல் முழுவதும் புதிர்க் கட்டமாகிவிடும்.

மீக்கா எருசலேம் நகரத்தார் அல்லர். மலைநாட்டுக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் நடுவே உள்ள தாழ்குன்றுப் பகுதியில் மோரேசேத்து என்னும் ஊர் அவருடையது. தானியமும் திராட்சையும் ஒலிவமும் விளையும் நல்ல பூமி. இலாக்கிசு, மாரேசா, அதுல்லாம் போன்ற அரண்சூழ் நகர்கள் அதைச் சுற்றி இருந்தன. அரண் என்றால் படை; படை என்றால் அதிகாரிகள்; அதிகாரிகள் என்றால் வரியும் கட்டாய வேலையும். யோத்தாம், ஆகாசு, எசேக்கியா ஆகிய மன்னர் காலத்தில், கி.மு. 8 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவர் பேசினார். அவருடைய காலத்தவரான எசாயா மன்னர்களின் அருகே நின்று அறிவுரை கூறினார். மீக்காவோ வயற்புறத்திலிருந்து தலைநகரைப் பார்த்தார். அவர் நூலில் என் மக்கள் என்ற சொல் வரும் சில இடங்களை உற்று நோக்குங்கள். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்களையும் தோலுரிக்கப்பட்ட ஏழைகளையும் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வருகிறது. தலைவர்களைக் குறிக்கும்போது யாக்கோபின் தலைவர்களே என்று விளிக்கிறார். ஒரே நாட்டில் இரு சாராரை அவர் கண்டார். யார் பக்கம் தாம் நிற்கிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

இரண்டாம் அதிகாரம் படுக்கையறையில் தொடங்குகிறது. சிலர் தூங்காமல் திட்டம் தீட்டுகின்றனர். விடிந்ததும் அதைச் செய்து முடிக்கின்றனர். ஏனெனில் செய்யும் வலிமை அவர்கள் கையில் இருக்கிறது. வயல்மேல் ஆசை கொண்டால் வயல் அவர்களுடையதாகிறது. வீட்டின்மேல் ஆசை கொண்டால் வீடு. இவர்கள் இரவில் சுவரேறிக் குதித்த கள்வர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஊரறிய, முறைப்படி நடந்த காரியம் இது. கடன், வட்டி, அடமானம், தீர்ப்பு எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். ஆகாபு மன்னன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டபோதும் நோன்பு அறிவித்து, சாட்சிகளை நிறுத்தி, சட்டத்தின் பெயராலேயே கல்லெறிந்து கொன்றார்கள். அந்த ஆகாபின் வழியைத்தான் எருசலேம் பின்பற்றுகிறது என்று ஆறாம் அதிகாரம் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டுகிறது. இஸ்ரயேலின் சட்டப்படி நிலம் ஆண்டவருடையது, குடும்பங்களுக்குப் பங்காக அளிக்கப்பட்டது, என்றென்றைக்குமாக விற்கத்தகாதது. ஒருவனுடைய வயலைப் பறிப்பவன் அவனுடைய உணவைப் பறிப்பதோடு நிற்பதில்லை. உடன்படிக்கையில் அவனுக்குள்ள இடத்தையே பறிக்கிறான். ஆகவேதான் தண்டனையும் அதே அளவுகோலில் வருகிறது: ஆண்டவரின் சபையில் நிலத்தை அளந்து பங்கிடும் நாளில், பறித்தவர்களுக்காக நூல் பிடிக்க ஒருவரும் இருக்கமாட்டார்.

மூன்றாம் அதிகாரத்தை ஞாயிறு வாசகங்களில் தேட வேண்டாம், கிடைக்காது. நீதியை அறிந்திருக்க வேண்டிய தலைவர்கள் மக்களின் தோலை உரிக்கிறார்கள், எலும்பை முறிக்கிறார்கள், கொப்பரையில் இடும் இறைச்சியைப் போல அவர்களைத் துண்டு போடுகிறார்கள். மென்மையான செவிகளுக்கு இது அருவருப்பு. ஆனால் மீக்கா நிறுத்துவதில்லை. அடுத்ததாகத் தம் தொழிலைச் சேர்ந்தவர்கள் பக்கமே திரும்புகிறார். வாயில் ஏதேனும் போட்டால் அமைதி என்று அறிவிப்பவர்கள். ஒன்றும் போடாதவன்மேல் போர் தொடுப்பவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்கிறார். பிறகு மூவரையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறார். தலைவர் கையூட்டுக்குத் தீர்ப்பளிக்கின்றனர். குருக்கள் கூலிக்குப் போதிக்கின்றனர். இறைவாக்கினர் பணத்துக்குக் குறி சொல்கின்றனர். நடுவில் உள்ள சொல்லை வாசிக்கும்போது குருக்களாகிய நாம் குரலைத் தாழ்த்தத் தேவையில்லை. சற்று உயர்த்தியே வாசிக்கலாம்.

இத்தனைக்கும் இவர்கள் இறைமறுப்பாளர்கள் இல்லை. ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறார், எனவே நமக்குத் தீங்கு வராது என்பதே இவர்களின் நம்பிக்கை அறிக்கை. இறையியலின்படி பார்த்தால் அதன் முதற்பாதியில் பிழையில்லை. ஆண்டவர் அந்நகரில் இருந்தார், கோயில் இருந்தது, பலி இருந்தது, திருவிழா இருந்தது. அந்தச் சரியான நம்பிக்கையையே அவர்கள் தங்கள் செயலுக்கு அரணாக்கிக் கொண்டார்கள். அங்கேதான் மீக்காவின் கடுஞ்சொல் விழுகிறது. உங்களை முன்னிட்டுச் சீயோன் வயலைப் போல் உழப்படும். எருசலேம் இடிபாட்டுக் குவியலாகும். கோயிலுள்ள மலை காடடர்ந்த மேடாகும். கோயிலே இடியும் என்று அதற்குமுன் எந்த இறைவாக்கினரும் இத்தனை வெளிப்படையாகச் சொன்னதாக நூல்களில் காணோம்.

எருசலேமில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சீயோனை இரத்தத்தால் கட்டுகிறீர்கள் என்று அவர் சொன்னது அந்தக் கட்டுமானங்களை மனத்திற்கொண்டே இருக்கலாம். ஏறத்தாழ 7 மீட்டர் கனமுள்ள மதில் ஒன்றின் பகுதியை நாமான் அவிகாத் என்ற அகழ்வாய்வாளர் 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எருசலேமில் தோண்டிக் கண்டார். மதிலை வலுப்படுத்த வீடுகள் இடிக்கப்பட்டதை எசாயாவின் நூல் குறிப்பிடுகிறது. எசேக்கியா வெட்டுவித்த நீர்ச்சுரங்கம் 533 மீட்டர் நீளம். இன்றும் யாத்திரிகர் முழங்கால் அளவுத் தண்ணீரில் அதனுள் நடந்து செல்கின்றனர். எசேக்கியா தீய மன்னன் அல்லன். அரசர்கள் நூல் அவரை மிக உயர்வாகவே போற்றுகிறது. மதில் தேவையற்றது என்றும் மீக்கா சொல்லவில்லை. கல் சுமந்தவன் யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டுமே அவர் கேள்வி. கோயிலுக்கு அடிக்கல் நாட்டும் நாளிலும், நன்கொடையாளர் பெயர்களைப் பளிங்கில் பொறிக்கும் நாளிலும் இந்தக் கேள்வியை எழுப்புகிற பங்குப் பேரவையை நாம் இன்னும் காணவில்லை. கொடுத்தவர் யார் என்று பளிங்கு சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதற்குப் பளிங்கில் இடமில்லை.

இப்படிப் பேசியவருக்குக் கிடைத்த மறுமொழி என்ன? பிரசங்கிக்காதே என்றார்கள். மீக்கா தமக்கே உரிய கசப்போடு பதில் சொல்கிறார். திராட்சை மதுவையும் மற்ற மதுவையும் பற்றி உனக்குப் பிரசங்கிப்பேன் என்று ஒரு பொய்யன் வந்தால், அவனே இந்த மக்களுக்கு ஏற்ற போதகன் என்கிறார். இந்த இடத்தில் நம் நாட்டு நற்செய்திக் கூட்ட மேடைகள் சில கண்முன் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இந்த ஆண்டு உனக்கு ஆசீர்வாதத்தின் ஆண்டு. வீடு கட்டுவாய், வழக்கில் வெல்வாய், வெளிநாடு செல்வாய் என்று இறைவாக்கின் பெயரால் அறிவிக்கப்படுகிறது. யாருடைய நிலத்தில் கட்டப்போகிறாய், வழக்கில் எதிரே நிற்பவன் யார் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முன்பே பெயரிடப்பட்டுவிட்ட இந்தத் தொழில் மேடைகளோடு முடிவதுமில்லை. பங்கு ஆலயத்தின் வாசக மேடையிலும் நடக்கலாம்.

நாள்காட்டி வசனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீதியைச் செய்வது, இரக்கத்தில் பற்றுக்கொள்வது, கடவுளோடு தாழ்மையாய் நடப்பது என்று மூன்றைக் கேட்கும் ஆறாம் அதிகார வாக்கு பல இல்லங்களின் சுவரில் தொங்குகிறது. அழகான வாக்குதான். ஆயினும் அது நல்லொழுக்கப் பாடம் என்று எண்ணுவோர் அது எங்கே சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். அது ஒரு வழக்கின் நடுவே வருகிறது. மலைகளைச் சாட்சியாக அழைத்து ஆண்டவர் தம் மக்கள்மேல் வழக்குத் தொடுக்கிறார். நான் உங்களுக்கு என்ன செய்தேன், எதில் உங்களைச் சோர்வடையச் செய்தேன் என்று கேட்கிறார். புனித வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனையில் பாடப்படும் முறையீடு இந்த வரியிலிருந்தே பிறந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பில் பேரம் தொடங்குகிறது. எரிபலி தரட்டுமா, ஆயிரக்கணக்கான ஆட்டுக்கிடாய்கள் வேண்டுமா, ஆறாய் ஓடும் எண்ணெய் வேண்டுமா, தலைப்பிள்ளையையே கொடுக்கட்டுமா? விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பேரத்தை நிறுத்தத்தான் அந்த மூன்று சொற்கள். அடுத்த மூச்சிலேயே கள்ள மரக்காலும் கள்ளத் தராசும் வருகின்றன. நாள்காட்டி அச்சிடுவோர் அதை ஏன் அச்சிடுவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. அந்த நாள்காட்டிகளைக் கடைக்காரர்களே இலவசமாகத் தருகின்றனர்.

நம்பிக்கையை மட்டும் வெட்டி எடுத்தால் அது யாருக்கும் பயன்படும் என்பதற்கு அண்மைக் கால உலக வரலாற்றில் ஒரு சான்று உண்டு. வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் மனிதனின் வெண்கலச் சிலை நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் தோட்டத்தில் நிற்கிறது. மீக்காவின் நான்காம் அதிகாரத்திலும் எசாயாவின் இரண்டாம் அதிகாரத்திலும் உள்ள காட்சி அது. வுச்செத்திச் என்ற சிற்பி வடித்த அதைச் சோவியத் ஒன்றியம் 1959 இல் பரிசளித்தது. அங்கேரியில் அதன் படைவண்டிகள் புகுந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர், 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்தவ இளைஞர் அதே சிலையின் உருவத்தைத் துணியில் அச்சிட்டு, மீக்காவின் பெயரையும் சேர்த்துச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டனர். பள்ளிகளில் படைப்பயிற்சியைப் புகுத்திய அரசுக்கு அது பொறுக்கவில்லை. தன் தோழமை நாடு உலகுக்குப் பரிசளித்த சிலையின் படத்தை அணிந்த மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். சட்டையிலிருந்து வெட்டி எறியச் சொன்னார்கள். சிலையை நிறுவியவர்களுக்கு அந்த வரி ஓர் அலங்காரம். சட்டையில் தைத்தவர்கள் அதைத் தங்கள் அரசின்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பாகவும் வாசித்தார்கள். மீக்காவின் நம்பிக்கை யாருக்கும் இடறலாக இல்லாமற் போகும்போது, அது சரியாகச் சொல்லப்பட்டதா என்று ஐயுறலாம்.

இனி எதிர்ப்புறத்தார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிறு. ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளை வாரிச் சென்றது. நம் கடற்கரை ஊர்களில் மீனவக் குடும்பங்களைச் சிதைத்தது. புதைகுழிகளின் மண் காயுமுன் அதைக் கடவுளின் தீர்ப்பு என்று அறிவித்தவர்கள் இருந்தார்கள். மாண்டவரின் வழிபாட்டு முறையையும் சமயத்தையும் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள். கொள்ளைநோய்க் காலத்திலும் அந்தக் குரல் கேட்டது. அவர்கள் இறைவாக்கினரின் சினத்தைக் கடன் வாங்கினார்கள், கண்ணீரைத் தொடவில்லை.

மீக்காவின் முதல் அதிகாரத்தை அவர்கள் வாசிக்கட்டும். அழிவு வரப்போகும் ஊர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்; ஒவ்வொரு பெயரிலும் எபிரேயத்தில் சிலேடை இருக்கிறது. புழுதி என ஒலிக்கும் ஊரைப் புழுதியில் புரளச் சொல்கிறார். இலாக்கிசு என்ற பெயர் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கிறது. அவ்வூரைத் தேரில் குதிரையைப் பூட்டச் சொல்கிறார். அக்சீபு என்ற பெயரில் பொய் என்ற சொல் கேட்கிறது. அவ்வூர் அரசர்களுக்கு ஏமாற்றமாகும் என்கிறார். காளமேகத்தின் சிலேடையைச் சுவைத்துப் பழகிய நமக்கு முதலில் இது சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இது ஒப்பாரி. ஊர்ப்பெயரைச் சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொள்ளும் அழுகை. வெறுங்காலோடும் ஆடையின்றியும் நடப்பேன், குள்ளநரியைப் போல் ஓலமிடுவேன் என்கிறார். அந்தப் பட்டியலில் மோரேசேத்தும் இருக்கிறது. தம் சொந்த ஊரின் அழிவை அறிவிப்பவர் மேடையில் நின்று விரல் நீட்டிப் பேசுவதில்லை.

கி.மு. 701 இல் அசீரிய மன்னன் சனகெரிபு அந்தப் பகுதியில் புகுந்தான். எசேக்கியாவின் அரண்சூழ் நகர்கள் 46 ஐயும் எண்ணற்ற சிற்றூர்களையும் கைப்பற்றியதாக அவனுடைய கல்வெட்டு மார்தட்டுகிறது. இலாக்கிசு வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கினான். இன்று அந்தச் சிற்பங்கள் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. கழுவில் ஏற்றப்பட்டவர்கள் ஒருபுறம். மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டியில் ஏற்றப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் மறுபுறம். தலைநகரின் பாவத்துக்கு வயற்புறம் முதலில் விலை கொடுத்தது. அடிபட்டவர்களே குற்றவாளிகள் என்று மீக்கா எங்கும் சொல்லவில்லை. தீங்கு எருசலேமின் வாயில்வரை வந்துவிட்டது என்று சொல்லி, பார்வையைத் தலைநகர் பக்கம் திருப்பினார்.

பழைய ஏற்பாட்டின் கடவுள் சினங்கொள்பவர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பு செய்பவர் என்று கூறி இந்த நூல்களையே ஒதுக்கிவைப்போரும் உண்டு. கி.பி. 144 இல் உரோமைத் திருச்சபை மார்சியோனை வெளியேற்றியபோதே இந்தக் கூற்றுக்கும் விடை சொல்லியாயிற்று. மீண்டும் மீண்டும் சொல்லச் சலிப்பாக இருக்கிறது.

கல்விசார்ந்த ஐயம் ஒன்று மதிப்போடு கருதத்தக்கது. முதல் மூன்று அதிகாரங்களே மீக்காவினுடையவை, நம்பிக்கைப் பகுதிகள் பிற்காலத்தார் சேர்த்தவை என்று பெர்னார்டு ஸ்டாடே என்ற ஜெர்மன் அறிஞர் 1881 இல் வாதிட்டார். முழுவதும் ஒப்பவில்லையெனினும் பின்வந்த அறிஞர் பலர் பிற்காலக் கைகளை ஏற்கின்றனர். நான்காம் அதிகாரத்தில் பாபிலோன் பெயர் வருவதே பலருக்கு அதைச் சொல்கிறது. குருமடத்தில் இதைக் கற்ற சிலர், அப்படியானால் உண்மையான மீக்கா அழிவைத்தான் சொன்னார் என்று முடித்துக்கொள்கின்றனர். நமக்கு அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. பிற்காலக் கை ஒன்று நம்பிக்கையைச் சேர்த்தது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே சேர்த்தது? கோயில் மலை காடாகும் என்ற வரிக்கு அடுத்த வரியில். அந்த மலையே உயர்த்தப்படும், மக்களினங்கள் அதை நோக்கி வரும் என்று. சேர்த்தவர் அழிவு வாக்கை அழித்துவிட்டு எழுதவில்லை, மென்மையாக்கவும் இல்லை. கோயில் எரிந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறையினராக அவர் இருந்திருக்கலாம். இடிபாட்டின்மேல் நின்றுதான் அந்த வரியை எழுத முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் நிலம் மறக்கப்படவில்லை. எசாயாவில் இல்லாத ஒரு வரி மீக்காவில் தொடர்கிறது: ஒவ்வொருவரும் தம் திராட்சைக் கொடியின்கீழும் அத்தி மரத்தின்கீழும் அச்சமின்றி அமர்வர். இரண்டாம் அதிகாரத்தில் பறிபோன வயல் இங்கே திரும்பக் கிடைக்கிறது. பறித்தவனுக்கு இது நற்செய்தியாக எப்படி ஒலிக்கும்?

நூலின் இறுதி வரிகளும் அப்படியே. உம்மைப் போன்ற கடவுள் யார் என்று கேட்டு, மீக்கா என்ற தம் பெயரின் பொருளையே வினாவாக்கி, பாவங்களையெல்லாம் ஆழ்கடலில் எறிபவரை அவர் புகழ்கிறார். யூதர்கள் பாவக்கழுவாய் நாளின் பிற்பகலில், நாள் முழுவதும் உண்ணாதிருந்து, யோனாவின் நூலை வாசித்தபின் இந்த வரிகளை வாசிக்கின்றனர். நம் திருச்சபையோ தவக்காலத்தின் இரண்டாம் வாரச் சனிக்கிழமையில், ஊதாரி மகன் உவமையோடு சேர்த்து வாசிக்கிறது. பன்றித் தொழுவத்தில் அறிவு தெளிந்து எழுந்தவனுக்கு அருகே அந்த வரிகளை வைத்திருக்கிறது.

மீக்காவின் எச்சரிக்கை என்ன ஆயிற்று என்பதை அவருடைய நூல் சொல்லவில்லை. எரேமியா நூலின் 26 ஆம் அதிகாரம் சொல்கிறது. மீக்காவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப்பின், கி.மு. 609 ஐ ஒட்டி, யோயாக்கிம் ஆட்சியின் தொடக்கத்தில், எரேமியா கோயில் முற்றத்தில் நின்று இந்தக் கோயில் அழியும் என்றார். அன்றைய எருசலேமுக்கு அது தாங்க முடியாத சொல். கி.மு. 701 இல் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் வீழ்ந்தபோதும் எருசலேம் தப்பியது அல்லவா? தப்பியதைப் பேரப்பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கோயில் இருக்கும்வரை நகருக்கு அழிவில்லை என்று அதை ஒரு கோட்பாடாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஏன் தப்பியது என்பதைத் தலைநகரம் மறந்துவிட்டது.

மறவாத சிலர் இருந்தார்கள். எரேமியா சாகவேண்டும் என்று குருக்களும் இறைவாக்கினர்களும் கூச்சலிட்டபோது, நாட்டின் மூப்பர் சிலர் எழுந்தனர். மோரேசேத்தைச் சேர்ந்த மீக்கா எசேக்கியாவின் காலத்தில் பேசியதை அவர்கள் பெயரும் ஊரும் சொல்லி எடுத்துக்காட்டினார்கள். சீயோன் உழப்படும் என்ற அந்தக் கடுஞ்சொல்லைச் சொல் மாறாமல் சொன்னார்கள். நூறு ஆண்டுக்காலம் அதைக் காத்து வைத்திருக்கிறார்கள். பிறகு கேட்டார்கள்: எசேக்கியா அவரைக் கொன்றாரா? ஆண்டவருக்கு அஞ்சி அவர் தயவை மன்றாடவில்லையா? ஆண்டவரும் சொன்ன தீங்கைக் குறித்து மனம் மாறவில்லையா?

ஆக, மீக்காவின் வாக்கு அந்நாளில் பலிக்கவில்லை; கேட்கப்பட்டதால் பலிக்கவில்லை. குறி சொல்பவனுக்கு இது தோல்வி. ஆண்டவருடைய வாக்கை எடுத்துரைப்பவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது? அந்தச் சிற்றூர்க்காரரின் சினம் ஒரு மன்னனை மன்றாட வைத்தது. ஒரு நகரத்துக்கு நூறாண்டு வாழ்வு கொடுத்தது. அவர் அறிவித்த நம்பிக்கையின் முதல் தவணையே அந்த நூறாண்டுதான். அன்று அரசவையில் ஒருவர் மீக்காவின் சொல்லை இனிமையாக்கி எடுத்துச் சென்றிருந்தால் எசேக்கியா எதற்காக மன்றாடியிருப்பார்?

இன்னொன்றும் அந்த அதிகாரத்தில் உண்டு; பொதுநிலையினர் இதை விரும்பி வாசிக்கலாம். எரேமியாவைக் கொல்லத் துடித்தவர்கள் குருக்கள். இந்த மனிதன் சாவுக்குரியவன் அல்லன் என்று சொன்னவர்கள் அதிகாரிகளும் மக்களும். பழைய வாக்கை நினைவுகூர்ந்தவர்கள் நாட்டுப்புற மூப்பர். கைகொடுத்துக் காத்தவர் சாப்பானின் மகன் அகிக்காம் என்னும் அரசு அலுவலர். திருமுழுக்கில் கிறிஸ்மா எண்ணெய் பூசப்பட்டபோது நாம் எல்லாரும் குருத்துவப் பணியிலும் அரசப் பணியிலும் போலவே இறைவாக்குப் பணியிலும் பங்குபெற்றோம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் இதையே வலியுறுத்துகிறது. பேசுவதுதான் அந்தப் பணி என்று பலர் நினைக்கின்றனர். மறவாது வைத்திருந்து, வேண்டிய நாளில் எழுந்து நின்று எடுத்துச் சொன்ன அந்த மூப்பர்களின் பெயர்களைக்கூட எரேமியா நூல் பதிவு செய்யவில்லை.

அதே அதிகாரம் மகிழ்ச்சியோடு முடிவதுமில்லை. அதே நாள்களில் உரியா என்னும் இன்னொருவர் அதே எச்சரிக்கையை விடுத்தார். யோயாக்கிம் அவரைக் கொல்லத் தேடினான். அவர் எகிப்துக்குத் தப்பியோடினார். மன்னன் ஆளனுப்பி அவரைப் பிடித்துவந்து வாளால் வெட்டி, உடலைப் பொதுமக்களின் கல்லறையில் எறிந்தான். அவருக்காக எந்த மூப்பரும் எழுந்ததாகக் குறிப்பில்லை. கி.மு. 587 இல் பாபிலோனியர் வந்தபோது சீயோன் உழப்பட்டது. மீக்காவுக்கு ஏழு அதிகாரங்கள் உள்ளன. உரியாவின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. எரேமியா பேசியதையே அவரும் பேசினார் என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.